'கட்' என்றால் வெட்டு மட்டும்தானா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'கட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. சம்பளம் கட், கரண்டு கட், லைன் கட் என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் பேச்சில்கூட இந்தச் சொல் கலந்துவிட்டது. ஆனால் அதே சொல் வேலையிடத்துக் கடிதத்திலோ, மருத்துவரின் வாயிலோ, போலீஸ் புகாரிலோ வரும்போது ஒவ்வோர் இடத்திலும் வேறு பொருள் தருகிறது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் பணத்துக்கும் உடல்நலத்துக்கும் கேடு வரலாம்.

ஒரு சொல்லுக்குள் பல வேலை

'கட்' ஒரு வினைச்சொல். காலம் மாறினாலும் அதன் வடிவம் மாறாது. இன்று வெட்டுகிறேன் என்றாலும் 'கட்'தான், நேற்று வெட்டினேன் என்றாலும் 'கட்'தான். மாணவர்கள் சிலர் எழுதும் 'கட்டட்' என்ற வடிவம் ஆங்கிலத்தில் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் வெட்டுவதற்குப் பல சொற்கள் இருந்தன. அவற்றில் ஒன்று இன்று 'கார்வ்' என்று சுருங்கி, மரத்தைச் செதுக்குவதற்கும் சமைத்த இறைச்சியைத் துண்டு போடுவதற்கும் பெரும்பாலும் பயன்படுகிறது. இன்னொன்றான 'ஷியர்' பெரும்பாலும் ஆட்டு ரோமம் கத்தரிப்பதோடு நின்றுவிட்டது. மற்ற வேலைகளையெல்லாம் 'கட்' எடுத்துக்கொண்டது.

தமிழ் அப்படிச் செய்யவில்லை. மரத்தை வெட்டுகிறோம், காயை நறுக்குகிறோம், கீரையை அரிகிறோம், நெல்லை அறுக்கிறோம், பூவைக் கொய்கிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், இளநீரைச் சீவுகிறோம். எதை, எந்தக் கருவியால், எப்படி வெட்டுகிறோம் என்பதை நம் வினைச்சொல்லே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பக்கத்தில் நிற்கும் சிறு சொல் செய்கிறது. 'கட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'டவுன்', 'அவுட்', 'ஆஃப்', 'இன்' என்று எது வருகிறது என்பதைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தோட்டத்தில் 'மரம் வெட்டுவது'

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'மரம் வெட்டுவது' என்றால் பால்மரம் வெட்டுவது. விடியுமுன் எழுந்து, நிறையைப் பிடித்து, பட்டையை மெல்லச் சீவி, மங்கில் பால் இறங்கவிடும் வேலை அது. மரத்தைச் சாய்க்கும் வேலை அன்று. சொல்லப்போனால், மரம் சாகாமல் காப்பதே அந்தத் தொழிலின் நுட்பம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, 1890களில், பழைய வெட்டுக் காயத்தையே மெல்லச் சீவி மறுபடி பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ஒரே மரம் பல்லாண்டு பால் தருவதற்கு அந்த முறை வழிசெய்தது.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'டேப்' என்ற தனி வினை உண்டு. கத்தி இழுக்கும் கோட்டுக்கு மட்டும் 'டேப்பிங் கட்' என்று பெயர். தோட்டப் பேச்சை அப்படியே ஆங்கிலமாக்கி, 'என் தாத்தா மரங்களை கட் செய்தார்' என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால், படிப்பவர் அவரைக் காட்டை அழித்தவர் என்று நினைத்துக்கொள்வார். வாழ்நாள் முழுவதும் மரத்தைக் காப்பாற்றிப் பால் எடுத்தவரின் உழைப்பு ஒரு சொல்லில் தலைகீழாகிவிடும். 'ரப்பர் டேப்பர்' என்று எழுதுவதே சரி. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவதற்கு 'ஹார்வெஸ்ட்' என்ற சொல் பொருத்தமானது.

சாலையில் 'கட்'

நம் சாலைகளில் 'கட்' என்றால் முந்திச் செல்வது. இந்தப் பொருள் மலாய் மொழியின் 'போத்தோங்' வழியாக வந்தது. மலாயில் அந்தச் சொல்லுக்கு வெட்டுதல், முந்துதல் இரண்டும் பொருள். 'டிலாராங் மெமோத்தோங்' என்ற பலகை, முந்திச் செல்லாதே என்று எச்சரிக்கிறது. அதைக் கேட்டுப் பழகித்தான் நம்மவர்களும் 'அவன் என்னை வெட்டிக்கிட்டுப் போயிட்டான்' என்கிறார்கள்.

வெளிநாட்டு ஆங்கிலேயரிடம் இதையே 'ஹீ கட் மீ' என்று சொன்னால், கத்தியால் கீறிவிட்டான் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். முந்துவதற்கு ஆங்கிலத்தில் 'ஓவர்டேக்' என்று பெயர். திடீரென்று குறுக்கே நுழைந்து நம் வண்டிக்கு முன்னால் வருவதற்கு 'கட் இன்'. விபத்துப் புகாரில் இந்த வேறுபாடு முக்கியம். முதலாவது வெறுமனே முந்தியதைச் சொல்கிறது, இரண்டாவது ஆபத்தாக நுழைந்ததைச் சொல்கிறது. வரிசையில் இடையே புகுவதற்கு நாம் சொல்லும் 'கட் கியூ' இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் புரியும். பிரிட்டனில் அதை 'ஜம்ப்' என்ற வினையால் சொல்வார்கள்.

சம்பளத்தில் மூன்று வகை

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. 'சம்பளத்தில் கட் பண்ணிட்டாங்க' என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு செய்திகள் அடங்கியிருக்கலாம்.

முதலாவது பிடித்தம். மலேசியாவில் 60 வயதுக்குட்பட்ட குடிமக்களின் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள ஊழியரின் மத்திய சேமநிதிப் பங்கு பொதுவாக 20 விழுக்காடு. இந்தப் பணம் தொலைந்து போகவில்லை, தொழிலாளியின் பெயரிலேயே சேர்கிறது. சம்பளச் சீட்டில் இதற்கு 'டிடக்‌ஷன்' என்று எழுதியிருக்கும், மலாயில் 'போத்தோங்ஙான்'. தீபகற்ப மலேசியாவில் எந்தெந்தப் பிடித்தம் சட்டப்படி சரி என்பதை 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் ஒரு மாதத்தில் பிடிக்கும் தொகை, பொதுவாக அம்மாதச் சம்பளத்தின் பாதியைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது 'பே கட்', அதாவது சம்பளக் குறைப்பு. அடிப்படைச் சம்பளமே குறைகிறது. இது வேலை ஒப்பந்தத்தை மாற்றுவதாகும். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் முதலாளி தன் விருப்பப்படி செய்துவிடக் கூடியது அன்று. ஆகவே கடிதத்தில் இந்தச் சொல் இருந்தால், முழுவதும் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூன்றாவது 'ஜாப் கட்', அதாவது ஆட்குறைப்பு. இதில் வேலையே போகிறது. தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் வரும் தொழிலாளி, குறைந்தது 12 மாதம் வேலை செய்திருந்தால் இழப்பீடு கேட்கலாம். சேவைக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவு என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள் சம்பளம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. ஐயம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மருத்துவரிடம் கவனம்

இனிப்புநீர் உள்ளவரிடம் மருத்துவர் 'கட் டவுன்' என்றால் சீனியைக் குறைக்கச் சொல்கிறார். 'கட் அவுட்' என்றால் அடியோடு நிறுத்தச் சொல்கிறார். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது சரியல்ல. புகைப்பதற்கும் மதுவுக்கும் இதே பொருள்தான்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மாத்திரையைப் பாதியாக உடைக்கச் சொன்னாரா, அளவைக் குறைக்கச் சொன்னாரா, நிறுத்தவே சொன்னாரா என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். உடைக்கவே கூடாத மாத்திரைகளும் உண்டு. பெரியவர்களைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகள், 'கட் பண்ணச் சொல்றாங்க' என்று மொழிபெயர்ப்பதைவிட, 'குறைக்கணும்', 'நிறுத்தணும்' என்று தெளிவாகச் சொல்வது நல்லது.

கரண்டு, தண்ணீர், தொலைபேசி, பள்ளி

'வாட்டர் கட்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் குழாய் பழுதாலோ பராமரிப்பாலோ ஏற்படும் தற்காலிகத் தடை. அது தானாகச் சரியாகும். ஆனால் பில் கட்டாததால் இணைப்பைத் துண்டிப்பது 'கட் ஆஃப்'. பாக்கியைக் கட்டினால்தான் தண்ணீர் திரும்ப வரும். நோட்டீசில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொலைபேசியில் பேச்சு பாதியில் அறுந்துபோனாலும் 'கட் ஆஃப்' என்பார்கள். நாமாகவே அழைப்பை முடிப்பதற்கு 'ஹேங் அப்' என்ற சொல் உண்டு.

சிங்கப்பூர்ப் பெற்றோருக்குத் தெரிந்த இன்னொன்று 'கட் ஆஃப் பாயிண்ட்'. ஓர் உயர்நிலைப் பள்ளியில் கடைசியாக இடம் கிடைத்த மாணவரின் மதிப்பெண் அது. 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மொத்த மதிப்பெண் 4 முதல் 32 வரை கணக்கிடப்படுகிறது. இதில் எண் குறையக் குறையத்தான் தேர்ச்சி சிறப்பு. முந்திய ஆண்டின் எண்ணைத்தான் வெளியிடுகிறார்கள், எனவே அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேச்சு வழக்கில்

வகுப்புக்குப் போகாமல் இருப்பது 'கட் கிளாஸ்'. தமிழ்நாட்டு மாணவர்கள் அதை 'கட் அடிப்பது' என்பார்கள், இங்கே 'பொந்தெங்'. 'கட் இட் அவுட்' என்றால் 'போதும், நிறுத்து' என்று கண்டிப்பது. 'கட் கார்னர்ஸ்' என்றால் செலவையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க வேலையை அரைகுறையாகச் செய்வது. ஒரு வியாபாரத்தில் 'கட் எடுப்பது' என்றால் பங்கோ தரகோ வாங்குவது. கழுத்தை அறுக்கும் போட்டிக்கு 'கட் த்ரோட்' என்று பெயர். நல்ல உற்சாகத்தில் இருக்கும்போது யாராவது கெடுத்துவிட்டால், நம் இளையர்கள் 'போத்தோங் ஸ்டிம்' என்று அலுத்துக்கொள்வதும் இந்த வெட்டுதான். நண்பர்களிடையே அது வேடிக்கை. மேலதிகாரியிடம் சொன்னால் மரியாதைக் குறைவு.

இத்தனைக்கும் நடுவே ஓர் எளிய வழி உண்டு. 'கட்' என்று யார் சொன்னாலும், எதை, எவ்வளவு, எதுவரை என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். குறைப்பதா, நிறுத்துவதா, பிடிப்பதா, துண்டிப்பதா, முந்துவதா என்பது அந்தப் பதிலில் வந்துவிடும்.