டச்சுக்காரரிடம் வளையாத பரதவர்கள்

தூத்துக்குடிக் கரையின் பரதவர்கள் கிறிஸ்தவர்களானது முதலில் ஓர் ஒப்பந்தம் போலத்தான். முத்துக்குளிக்கும் உரிமைக்காக எதிரிகளோடு மோதிக்கொண்டிருந்தவர்கள், போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு வேண்டி 1535-37-ல் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது பலருக்கு ஜெபம்கூடத் தெரியாது! அவர்தான் ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

1544-ல் வடுகர் படை புகுந்தது. குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியிலும் தாகத்திலும் வாடினார்கள். 20 தோணிகளோடு உதவக் கிளம்பிய சவேரியாரை எதிர்காற்று தடுத்தது. பிறகு நடந்தே போனார்.

உண்மையான சோதனை 1658-ல் வந்தது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். காப்பாற்றப் போர்ச்சுக்கீசியர் இல்லை. கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். முத்துக்குளிப்பு புதிய எஜமானர் கையில். பழைய ஒப்பந்தம் செல்லாக்காசு! லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால் டச்சுக்காரரின் சபைக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கடவுளை நம்பி, ஜெபமாலையும் கையுமாக இருந்துவிட்டார்கள். அவர்களிடம் பிரசங்கம் செய்து பார்த்த டச்சுப் போதகர் பால்தேயஸே, அவர்கள் பழைய மதத்தை விடாததைப் பதிவு செய்திருக்கிறார்.

கம்பெனிக்கும் முத்தெடுக்கப் பரதவர்கள் தேவைப்பட்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. காலப்போக்கில் பிடி தளர்ந்தது. இன்று தூத்துக்குடியில் நாம் பார்க்கும் பனிமய மாதா கோயில் 1713-ல் கட்டப்பட்டது. அப்போதும் அங்கே டச்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது.