‘ஆஃப்ரோ ப்ளூ’ போன வழி

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘லைவ் அட் பேர்ட்லேண்ட்’ 1964இல் இம்பல்ஸ் நிறுவன வெளியீடாக வந்தபோது அதன் முதல் பாட்டான ‘ஆஃப்ரோ ப்ளூ’வுக்கு இசையமைத்தவர் கோல்ட்ரேனே என்று தட்டில் அச்சாகியிருந்தது. தவறு. அது மோங்கோ சாந்தாமரியா என்ற கியூபாக்காரரின் பாட்டு. ஆனால் கோல்ட்ரேன் வாசித்ததைக் கேட்டவர்கள் அதை நம்பியதில் வியப்பில்லை. அவர் கைக்கு வந்தபோது அந்தப் பாட்டில் பிறந்த வீட்டு அடையாளம் அவ்வளவு குறைந்திருந்தது.

பிறந்த வீடு ஹவானா. மோங்கோ வளர்ந்தது ஹெசூஸ் மரியா என்ற பேட்டையில். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களின் வாரிசுகள் நெருக்கமாக வாழ்ந்த இடம். அங்கே சாமிக்கும் பறைதான், கொண்டாட்டத்துக்கும் பறைதான். பகலில் தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டு இரவில் கொங்கா என்ற கைப்பறை வாசித்தவர் மோங்கோ. 1950இல் நியூயார்க் வந்து, டிட்டோ புவெந்தே குழுவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, கலிஃபோர்னியாவில் வைப்ரஃபோன் கலைஞர் கேல் ஜேடரோடு சேர்ந்துகொண்டார். கூடவே டிம்பாலி வாசிக்கும் வில்லி போபோவும் போனார்.

1959 ஏப்ரலில் கடலோர ஊரான கார்மெலில் ஜேடர் குழு நடத்திய கச்சேரியில் ‘ஆஃப்ரோ ப்ளூ’ பதிவானது. அதே ஆண்டு மோங்கோவின் சொந்தத் தட்டிலும் வந்தது. கார்மெலில் புல்லாங்குழல் பால் ஹார்ன். பின்னாளில் தாஜ்மஹாலின் குவிமாடத்துக்குள் தனியாக நின்று வாசித்துப் பதிவுசெய்தாரே, அவரேதான். பாட்டின் உயிர் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. வலது கையால் தொடையில் மூன்று தட்டுங்கள். அதே நேரத்துக்குள் இடது கை இரண்டு தட்டட்டும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, நடுவே பிரிந்து, மறுபடி ஒன்றாக வந்து விழும். திஸ்ர நடையில் பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். இந்த மோதலை அலங்காரமாக வைக்காமல் அஸ்திவாரமாகவே வைத்துக் கட்டிய முதல் ஜாஸ் பாட்டு இதுதான் என்று பலரும் சொல்வதுண்டு. பாஸ் ஒரு கணக்கில் போக, கொங்கா வேறொன்றைச் சொல்ல, மேலே புல்லாங்குழல் எந்த அவசரமும் இல்லாமல் சின்ன மெட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஊதுகிறது.

அந்த ஆண்டே பாட்டுக்கு வரிகளும் வந்தன. எழுதியவர் சிகாகோவின் ஆஸ்கர் பிரவுன் ஜூனியர். ‘அபி இஸ் ப்ளூ’ என்ற தட்டில் அபி லிங்கன் பாடினார். வரிகளில் ஆப்பிரிக்கா ஒரு கனவு நிலம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஏக்கம் அது. அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் மோங்கோவுக்கு அந்தக் கனவு தேவைப்பட்டிருக்காது என்று தோன்றுகிறது. அவருடைய ஆப்பிரிக்கா தெருமுனையில், தினமும் காதில் விழுகிற தூரத்தில் இருந்தது. அபியின் குரல் என்னவோ கனவு காண்கிற குரல் அல்ல. கணக்குக் கேட்கிற குரல்.

1963 அக்டோபர் 8, நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப். பாட்டைக் கையில் எடுத்த கோல்ட்ரேன் முதல் வேலையாகக் கொங்காவை எடுத்துவிட்டார். பறைக்காரர் உருவாக்கிய பாட்டில் பறை இல்லை! மூன்றும் இரண்டும் மோதுகிற பொறுப்பு மொத்தமும் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் தலையில். ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ காலத்திலிருந்தே மூன்றடி நடையும் சொப்ரானோ சாக்ஸபோனும் கோல்ட்ரேனுக்குக் கைவந்தவை. ஆனால் இங்கே நடப்பது வேறு. தொடக்க மெட்டுக்குப் பிறகு மெக்காய் டைனரின் பியானோ நீளமாகப் போகிறது. ஜோன்ஸ் கீழிருந்து நெருப்பை ஏற்றிக்கொண்டே இருக்கிறார். கோல்ட்ரேன் திரும்பி வரும்போது உச்சியிலேயே வந்து இறங்குகிறார். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்தப் பதிவைச் சிலர் பிரார்த்தனை என்பார்கள். பிரார்த்தனையென்றால் சாமியை உலுக்குகிற பிரார்த்தனை. அந்த இரவுக்கு மூன்று வாரம் முன்புதான் அலபாமாவின் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றிருந்தது. அதற்கான கோல்ட்ரேனின் பதிலான ‘அலபாமா’ இதே தட்டில்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1963இல் மோங்கோவுக்குப் பெரிய வெற்றி கொடுத்ததும் இன்னொருவர் பாட்டு: ஹெர்பி ஹான்காக்கின் ‘வாட்டர்மெலன் மேன்’. ஜாஸில் பாட்டுகள் இப்படித்தான் வீடு மாறும்.

அடுத்த பெரிய தாவல் டோக்கியோவுக்கு. 1974இல் டீ டீ பிரிட்ஜ்வாட்டர் தன் முதல் தட்டை அங்கே பதிவுசெய்து அதற்கு இந்தப் பாட்டின் பெயரையே வைத்தார். டிரம்பட்டில் கணவர் செசில். வெளியிட்டது ஜப்பானிய நிறுவனமான டிரியோ. அதனால் அமெரிக்கப் பாடகியின் தட்டாக இருந்தும் வெகுகாலம் மேற்கில் தேடி அலைய வேண்டிய பொருளாகவே இருந்தது. கோல்ட்ரேனின் தீவிரத்தையும் ஆஸ்கர் பிரவுனின் வரிகளையும் ஒரே மூச்சில் சேர்த்துக்கொண்ட பதிவு. வேறு நல்ல பதிவுகள் நிறைய உண்டு. இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

2012இல் ராபர்ட் கிளாஸ்பரின் ‘பிளாக் ரேடியோ’வில் எரிக்கா பாடு பாடியது புதிய தலைமுறைக்கு. ஹிப்-ஹாப் நடைக்கு மாறியதில் மூன்று-இரண்டு மோதல் தணிந்துவிட்டது. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இதமாகப்படுகிறது. ஆனால் கேசி பெஞ்சமின் புல்லாங்குழலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தட்டு சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. மோங்கோ 2003லேயே மயாமியில் காலமாகியிருந்தார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் கார்மெல் பதிவிலிருந்து தொடங்குங்கள். பிறகு அபி, பிறகு டோக்கியோ. பேர்ட்லேண்டைக் கடைசிக்கு வையுங்கள். அதை முதலில் கேட்டுவிட்டால் மற்ற எல்லாம் சோகையாகத் தெரியும், அது அந்தத் தட்டுகளுக்கு நியாயமில்லை.