மலையகப் பாடசாலைகளும் பட்டறைக் கல்வியும்

கண்டி மாவட்ட லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1872இல் தேயிலைத் தொழிற்சாலை நிறுவிய காலந்தொட்டு, மலையகச் சிறுவர் இயந்திர ஒலியினிடையே வளர்ந்தனர். இயந்திரத்தை அறியும் கல்வியோ அவர்க்கு எட்டவில்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. அட்டன், நுவரெலியாத் தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புடன் நின்றன. 1977இன் பின் அவை படிப்படியாக அரசின்கீழ் வந்தபோது, அப்பாடங்கள் கைவிடப்பட்டன. 2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தோன்றியது.

அக்கிரிலிக் தகட்டினை விரைந்து துளைத்தால் அது சூடேறி இளகி, துளைகருவியிற் பற்றிக்கொள்ளும். பொறுமையாகத் துளைத்தால் விளிம்பு தூய்தாய் அமையும். இதனை மாணவனுக்கு உணர்த்துவது கைப்பழக்கமே. அதற்குரிய பட்டறை தோட்டத்துப் பிள்ளைக்கும் உரித்தன்றோ?