சாலைச் செலவும் சாலை உரிமையும்

ஒரு தெருவுக்குச் சிமெண்ட் சாலை போடும்போது செலவை எப்படிப் பங்கிடுவது? வீட்டுக்கு இவ்வளவு என்றா, தெருமுகப்பின் நீளத்துக்கு ஏற்பவா, மனையின் மதிப்புக்கு ஏற்பவா? அண்டை வீட்டார் இதற்காகச் சண்டையிட்டால் அதனைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், ஒவ்வோர் அளவுகோலுக்குள்ளும் 'சாலை யாருடையது?' என்ற வினாவுக்கு ஒரு விடை ஒளிந்திருக்கிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அவ்விடைகளை வரிசையாகக் காட்டுகிறது.

முதல் விடை நிலம். 1911 வரை இவ்வட்டாரம் சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சென்னை மாகாணம் 1866இல் சாலைக்கென்று தனி நிலவரியை விதித்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ரூபாய்க்கு ஓர் அணா வரை உயர்த்த இடமளித்து, வருவாயில் மூன்றில் இரண்டு பங்கைச் சாலைகளுக்கு ஒதுக்கியது. சாலையால் விளைச்சல் சந்தைக்குப் போகும், எனவே நிலம் வைத்திருப்பவர் தர வேண்டும் என்பது இதன் தர்க்கம். ஆனால், 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலவுடைமையாளர் தாம் செலுத்திய வரியில் பாதியைக் குடியானவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் போன்ற ஜமீன்கள் நிறைந்த இப்பகுதியில் இதன் பொருள் தெளிவு: நிலம் ஜமீன்தாருடையது, சுமையில் பாதி உழுதவருடையது.

இரண்டாவது விடை தெருமுகப்பு. இங்கிலாந்தின் 1892ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் தெருவைச் செப்பனிடும் செலவை வீட்டுமுகப்பின் நீளத்துக்கேற்பப் பங்கிட்டது. அடையும் பயனின் அளவையும் நகராட்சி கருதலாம் என்றது. சென்னை மாகாண நகராட்சிச் சட்டங்களும் தனியார் தெருக்களின் சீரமைப்பை ஒட்டியுள்ள மனை உரிமையாளர்களின் பொறுப்பாக்கின. அளப்பது எளிது, ஏற்பது கடினம். மூலை வீட்டுக்கு இரு முகப்புகள், குறுகிய முகப்புக்குப் பின்னால் பல குடித்தனங்கள் என்று வழக்குகள் முளைத்தன.

மூன்றாவது விடை பங்களிப்பு. ஆந்திர அரசு 1997 ஜனவரியில் தொடங்கிய ஜன்மபூமித் திட்டத்தில், பொதுவாக 30 சதவீதத்தை மக்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு சந்திரகிரியை அடுத்த நாராவாரிப்பள்ளியைச் சேர்ந்தவர். உழைப்பையும் பங்காக ஏற்றது தாராளமாகத் தோன்றலாம். ஆனால், கூலிக்காரர் தரும் ஒரு நாள் உழைப்பு அன்றைய அடுப்பு. வசதியுள்ளவர் தரும் தொகை சேமிப்பின் ஒரு துளி. பங்கு சமமாக இருந்தாலும் சுமை சமமாகாது. பணம் திரட்ட முடிந்த தெரு முந்திக்கொள்ள, முடியாத தெரு காத்திருக்கும் நிலையும் இத்தகைய ஏற்பாட்டில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

திருப்பதியில் இவ்வினா இன்னும் சிக்கலானது. அந்நகரச் சாலைகளைத் தேய்ப்பவர்களில் பலர் நகரவாசிகள் அல்லர், யாத்ரிகர்கள். 2023இல் திறக்கப்பட்ட சீனிவாச சேது மேம்பாலத்தின் செலவில் 67 சதவீதத்தைத் தேவஸ்தானமும் 33 சதவீதத்தை ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் ஏற்றன. அதே ஆண்டு அக்டோபரில், தன் ஆண்டு வரவு செலவில் 1 சதவீதத்தை நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தேவஸ்தான அறங்காவலர் குழு தீர்மானித்தது; மாநில அரசு அதனை ஏற்கவில்லை. யாத்ரிகர் வருகையின் சுமையை நகரவாசி மட்டும் ஏன் தாங்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. உண்டியல் காணிக்கை இறைவனுக்கு, நகராட்சி வரி அன்று என்பது மறுதரப்பு. இரண்டையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆகவே, வரிப் பதிவேடுகளைப் படிக்கும் மாணவர்கள் தொகையோடு நின்றுவிடலாகாது. எந்த அளவுகோல் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதைத் தேர்ந்தவர் யார், அந்த அவையில் இடம் பெறாமலே பணம் கட்டியவர் யார் என்று கேட்க வேண்டும். செலவில் பங்கு இருந்தும் முடிவில் பங்கில்லாதவர்களின் வரலாறு அந்தப் பத்திகளுக்குள்தான் இருக்கிறது.