அண்டைப் பாளையமும் அயலார் பீரங்கியும்

1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள். கயத்தாற்றில் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள் கூட்டப்பட்டிருந்தனர். கூட்டியவர் கும்பினிப் படையின் தளபதி மேஜர் பானர்மன். அவர்கள் கண்ணெதிரே வீரபாண்டிய கட்டபொம்மன் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்நிகழ்ச்சியைத் தம் மேலிடத்துக்குத் தெரிவித்த கடிதத்தில் பானர்மன் ஒரு சிறு செய்தியையும் பதிந்திருக்கிறார். கட்டபொம்மன் சிறிதும் கலங்கவில்லை; எட்டயபுரத்துப் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் அடிக்கடி நோக்கினார்; அந்நோக்கில் சினமும் இகழ்ச்சியும் கலந்திருந்தன என்பதே அச்செய்தி.

சாகப்போகும் வேளையில் அவர் கண்கள் தேடியது தண்டனை விதித்த வெள்ளைக்காரரைவிட அண்டை நாட்டாரையே. இஃது ஏன் என்று கேட்டுக்கொண்டால், நம் பாளையங்களின் வரலாற்றைச் சற்று வேறு கோணத்தில் காண இயலும் என்று தோன்றுகிறது. வீரம், துரோகம் என்ற இரு சொற்களால் நாம் முடித்துவிடுகிற கதை அது. அச்சொற்களுக்குப் பின்னால், சிற்றரசு ஒன்று தன் அண்டை வீட்டாரோடு எப்படி வாழ்ந்தது, எங்கே வாழத் தவறியது என்ற கேள்வி மறைந்து கிடக்கிறது.

நாரணாபுரத்திலிருந்து ஒரு பார்வை

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தை இன்று பட்டாசும் தீப்பெட்டியும் கொண்டே உலகம் அறியும். ஆனால் வரைபடத்தை விரித்து வைத்து அவ்வூரில் விரலை ஊன்றிக்கொண்டால் வேறொரு காட்சி விரிகிறது. மேற்கே இராசபாளையத்தைத் தாண்டினால் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி. இன்னும் தெற்கே இறங்கினால் வாசுதேவநல்லூரும் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும். நேர் தெற்கே வெம்பக்கோட்டையைக் கடந்தால் ஏழாயிரம்பண்ணை. தென்கிழக்கே எட்டயபுரம், நாகலாபுரம், அப்பால் பாஞ்சாலங்குறிச்சி. வடகிழக்கே விருதுநகரை அடுத்துப் பாவாலி. மேற்குப் பாளையங்களுக்கும் கிழக்குப் பாளையங்களுக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் நாம் நிற்கிறோம். காரில் புறப்பட்டால் இரண்டொரு நாளில் இத்தனை தலைநகரங்களையும் கண்டு திரும்பிவிடலாம்.

பாளையம் ஓர் அரசா என்று சிலர் ஐயுறலாம். பதினாறாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தனர் என்பது நாம் அறிந்ததே. பாளையக்காரர் கப்பம் கட்டினார். அழைத்தபோது படை அனுப்பினார். அந்த வகையில் அவர் மதுரைக்குக் கீழ்ப்பட்டவர். ஆனால் கோட்டையும் படையும் வழக்குத் தீர்க்கும் உரிமையும் அவருக்கு இருந்தன. மதுரை நாயக்கராட்சி 1736இல் முடிவுற்றபின் மேலே கட்டுப்படுத்தும் கை தளர்ந்துபோயிற்று. அப்போது ஒவ்வொரு பாளையமும் நடைமுறையில் ஒரு சிற்றரசாகவே இயங்கிற்று எனலாம்.

இச்சிற்றரசுகளுக்கிடையே எல்லை என்பது கோடாக இருந்ததில்லை. ஒருவரின் ஊர்கள் மற்றவரின் ஊர்களுக்கு நடுவே கிடந்தன. போதாக்குறைக்குக் காவல் உரிமை வேறு. தன் பாளையத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் காவல் புரிந்து அதற்கென ஒரு வரி தண்டும் உரிமையைப் பாளையக்காரர் கோரினார். தேசகாவல் என்று அதற்குப் பெயர். ஓர் ஊரைக் காப்பவர் யார் என்பதே சண்டைக்கு முதற் காரணமாக அமைந்தது. ஆக, அன்றாட வாழ்வில் பாளையக்காரருக்குத் தொல்லை தந்தவர் தொலைவில் ஆர்க்காட்டில் இருந்த நவாபு அல்லர். அடுத்த ஊர்க் கோட்டையில் இருந்தவரே.

சாணக்கியரின் அர்த்தசாத்திரம் இதை ஒரு விதியாகவே வகுத்திருக்கிறது. எல்லை தொட்டு இருப்பவன் இயல்பிலேயே பகைவன். அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன் என்பது அதன் கணக்கு. நம் புறநானூற்று உலகிலும் இத்தகைய துயரம் உண்டு. பறம்பு மலைப் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். அவன் மாண்ட பின்பு கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். இருவரும் சிற்றரசரே. இருவரும் மணக்க மறுத்தனர். பெருவேந்தரின் பகைக்கு ஆளாக அவர்கள் துணியவில்லை என்றே பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது.

பூலித்தேவர் கட்டிய கூட்டணி

1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் தமையன் மாபூஸ்கானும் கப்பம் தண்டத் தெற்கே வந்தனர். நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்று பணம் கேட்ட ஹெரான் பணமும் பெறாமல், கோட்டையும் பிடிபடாமல் திரும்பிச் சென்றார். இதன்பின் பூலித்தேவர் செய்த செயல்தான் நம் கவனத்துக்குரியது. வெற்றியோடு அமைந்துவிடாமல் அவர் அண்டைப் பாளையங்களை ஒன்றுசேர்க்க முற்பட்டார். சேத்தூர், கொல்லங்கொண்டான், வடகரை, தலைவன்கோட்டை முதலிய மேற்குப் பாளையங்கள் அவரோடு நின்றன. மலைக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூரும் கைகொடுத்தது.

கிழக்கேயும் அவர் தூது அனுப்பினார். பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் சேர்ந்திருந்தால் கூட்டணி நெல்லைச் சீமை முழுவதையும் தழுவியிருக்கும். அவ்விரு பாளையங்களும் வர மறுத்தன. அன்றைய கட்டபொம்மு நாயக்கர், நாம் முதலில் கண்ட வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்திய தலைமுறையினர். மறுத்ததற்கு அவர்கள் காட்டிய காரணம் எளியது: கப்பப் பாக்கிக்காக ஹெரானிடம் அவர்கள் பிணையாட்களை ஒப்படைத்திருந்தனர். அந்தப் பிணையாட்கள் திருச்சிராப்பள்ளியில் அடைபட்டுக் கிடந்தனர். தம் மக்களின் உயிரைப் பணயம் வைத்து அண்டை நாட்டின் போரில் இறங்க எந்தச் சிற்றரசன்தான் எளிதில் துணிவான்? பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் அன்று ஒரே பக்கம் நின்றன என்பதை, அவ்விரு பெயர்களையும் எதிரெதிர்த் துருவங்களாகவே கேட்டு வளர்ந்த நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கூட்டணியின் இன்னொரு கண்ணி திருவிதாங்கூர். அவ்வரசு பூலித்தேவரோடு சேர்ந்தது அவர்மீது கொண்ட அன்பினால் மட்டுமன்று. களக்காட்டுப் பகுதியின்மீது அதற்கு ஒரு கண் இருந்தது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் கான்சாகிபு என்னும் யூசுப்கான். 1759இல் மீண்டும் தெற்கே வந்த அவர், திருவிதாங்கூருக்குக் களக்காட்டை விட்டுக்கொடுத்தார். அவ்வளவுதான், நேற்றுவரை துணையாக நின்ற படை வடகரைக்கு எதிராகவும் பூலித்தேவருக்கு எதிராகவும் திரும்பிற்று. வாசுதேவநல்லூர்க் கோட்டை அதன் பின்னரும் எளிதில் விழவில்லை. முதலில் தாக்கியபோது கான்சாகிபு தோற்றுப் பின்வாங்க நேர்ந்தது. ஆயினும் 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் அவர் வசமாயின.

கோட்டையைப் பீரங்கி உடைத்தது உண்மைதான். ஆனால் பீரங்கி வந்து சேர்வதற்கு ஈராண்டுகள் முன்பே, அண்டை நாட்டின் ஆசை எது என்று கண்டறிந்த ஒருவர் கூட்டணியை உடைத்துவிட்டார்.

இரண்டு ஊர் வழக்கு

நாற்பதாண்டுகள் கழித்து அதே கதை கிழக்கே நிகழ்ந்தது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையங்களிடம் கப்பம் தண்டும் உரிமையை நவாபு கும்பினிக்கு அளித்துவிட்டார். அதுமுதல் பாளையக்காரர்களுக்கிடையே எழும் எல்லை வழக்குகளையும் கலெக்டரே தீர்க்கத் தொடங்கினார். அருங்குளம், சுப்பலாபுரம் ஆகிய ஊர்கள் பாஞ்சாலங்குறிச்சிக்கு உரியனவா எட்டயபுரத்துக்கு உரியனவா என்பது அத்தகைய வழக்குகளுள் ஒன்று. தீர்ப்பு எட்டயபுரத்துக்குச் சாதகமாயிற்று. அண்டை வீட்டுச் சண்டைக்கு அயலாரை நடுவராக வைத்தால், தீர்ப்பு யாருக்குச் சாதகமானாலும் நடுவருக்கே ஊதியம் என்பது இங்கே விளங்குகிறது. வென்றவர் நன்றிக்கடன் பட்டார், தோற்றவர் பகைவரானார், இருவருமே கலெக்டரின் கச்சேரிக்கு நடந்தனர்.

வீரபாண்டிய கட்டபொம்மனும் அண்டை அயலைச் சேர்க்க முயன்றவரே. நாகலாபுரம், மன்னார்கோட்டை, பாவாலி, கொல்லார்பட்டி, செந்நல்குடி ஆகிய பாளையங்கள் ஓர் அணியாகத் திரண்டன. சிவகங்கை மருதுவின் தொடர்பும் இருந்தது. மேற்கேயும் ஒரு பாலம் வேண்டும் என்று கட்டபொம்மன் எண்ணியிருக்க வேண்டும். சிவகிரியில் தந்தைக்கும் மகனுக்கும் பூசல் மூண்டபோது மகனுக்குத் துணையாகப் படை அனுப்பினார். தந்தை கும்பினியிடம் முறையிட்டார். கிழக்கும் மேற்கும் கைகோக்கக் கூடாது என்பதில் கருத்தாயிருந்த கும்பினிக்கு அந்த முறையீடு படையெடுக்க ஏற்ற காரணமாகப் பயன்பட்டது.

கயத்தாற்றில் கட்டபொம்மனின் பார்வை ஏன் எட்டயபுரத்தின் மீதும் சிவகிரியின் மீதும் பதிந்தது என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிடுகிறது. ஒன்று, இரண்டு ஊர்களுக்காகப் பிணங்கிய அண்டை நாடு. மற்றொன்று, உள்வீட்டுப் பூசலில் தலையிட்டதால் பகையாகிப் போன நாடு. முதலாவதில் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். இரண்டாவதில், துணை தேடிச் சென்ற இடத்தில் அவரே ஒரு பகையை விலைகொடுத்து வாங்கினார் என்று சொல்லாதிருக்க இயலவில்லை. அவர்பால் நமக்குள்ள மதிப்பு இதனால் குறைந்துவிடப் போவதுமில்லை.

ஐந்தொகை

இனி யார் எதைப் பெற்றார், யார் எதை இழந்தார் என்று பார்ப்போம். பாஞ்சாலங்குறிச்சியோடு நின்ற குற்றத்துக்காக நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கொல்லார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஐந்து பாளையங்களும் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறிமுதல் செய்யப்பட்டன. இவற்றுள் ஏழாயிரம்பண்ணை மறவர் பாளையம் என்பதைக் கருத வேண்டும். தெலுங்கு பேசிய நாயக்கர் பாளையங்களுக்கு நடுவே அது துணை நின்றது. சாதிக் கணக்கு ஒன்றைக் கொண்டே அன்றைய அணிகளை விளக்கிவிட முயல்வோர், நாரணாபுரத்துக்கு வெகு அருகில் கிடக்கும் இந்தச் சான்றை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கும்பினியோடு நின்ற எட்டயபுரம், பறிமுதலான நிலத்தில் ஒரு பங்கைப் பெற்றது. ஆனால் அது இழந்ததையும் கணக்கில் எழுத வேண்டாமா? கயத்தாற்று நிகழ்ச்சிக்குப் பின் வந்த ஆணை, பகைவர் நண்பர் என்று பாராமல் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் சொல்லிற்று. 1803இல் நிலையான ஜமீன் முறை வந்தது. அண்டை நாடு அழிந்த நான்கே ஆண்டுகளில், வென்ற பக்கத்தில் நின்ற பாளையக்காரரும் அரசர் என்ற நிலையிலிருந்து வரி கட்டும் நிலவுடைமையாளராக இறங்கிவிட்டார். பரம்பரைப் பட்டமாகிய எட்டப்பன் என்ற பெயர் மக்கள் நாவில் வசைச் சொல்லாக நிலைத்தது. தம் அண்டை வீட்டாரின் வீழ்ச்சிக்கு அவர்கள் கொடுத்த விலைகளுள் இதுவே நீண்டகாலம் நின்றது.

அரசாகவே தப்பிப் பிழைத்தவை இரண்டு. ஒன்று திருவிதாங்கூர். மலையை அரணாகக் கொண்டு, காலத்துக்கேற்ப அணி மாறி, கும்பினியின் மேலாண்மையை ஏற்று அது நிலைத்தது. மற்றொன்று புதுக்கோட்டை. தன் எல்லைக்குள் வந்து ஒளிந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது தொண்டைமான் அரசுதான். அதன் கைம்மாறாகவும் பிற உதவிகளுக்காகவும் 1803இல் கீழாநிலைக் கோட்டையும் பகுதியும் புதுக்கோட்டைக்குக் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு யானை திறையாகச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்த யானையை ஆங்கிலேயர் கேட்டு வாங்கவே இல்லை. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை அச்சிற்றரசு நீடித்தது. எட்டயபுரமும் புதுக்கோட்டையும் செய்தது ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றின் பெயர் வசையாயிற்று; மற்றொன்று சமஸ்தானமாக வாழ்ந்தது. வரலாற்றின் தீர்ப்பு எப்போதும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை போலும்.

காலங்கடந்த அறிவு

1801இல் நிலைமை மாறிற்று. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சிவகங்கை மருது சகோதரர்கள், திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சி கோபால நாயக்கர் எனப் பலரும் எல்லைகளைக் கடந்து ஒன்றுபட்டனர். அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை, அயலார் இந்நாட்டைக் கைக்கொண்டதற்குக் காரணம் நமக்குள் ஒற்றுமையும் நட்பும் இல்லாமற் போனதே என்று வெளிப்படையாகக் கூறிற்று. நாம் இதுவரை கண்ட கதை முழுவதன் சாரமும் அதுவே. ஆனால் அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த மாதம் ஊமைத்துரையும். பூலித்தேவர் 1755இலேயே கண்டுகொண்ட உண்மையை மற்றவர்கள் கண்டுகொள்ள நாற்பத்தாறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குள் எதிரிக்கு வேண்டிய காலம் கிடைத்துவிட்டது.

ஒற்றுமையின்மையால் வீழ்ந்தோம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. நாம் இங்கே வலியுறுத்த விரும்புவது சற்று நுட்பமானது. ஒற்றுமை வெறும் நல்லெண்ணத்தால் வருவதன்று. அருங்குளம் யாருக்கு என்பதைத் தமக்குள் பேசித் தீர்க்க ஒரு சபையோ முறையோ அவர்களிடம் இருந்திருந்தால், கலெக்டரின் கச்சேரிக்குச் செல்லும் தேவையே எழுந்திராது. பிணையாட்களை மீட்க எல்லோரும் பணம் சேர்த்திருந்தால், 1755இல் கிழக்கும் மேற்கோடு சேர்ந்திருக்கக்கூடும். களக்காட்டைப் பற்றித் திருவிதாங்கூரோடு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் கான்சாகிபு கையில் விலைபேச ஒன்றும் இருந்திராது. பெரிய எதிரி வரும்முன் சிறிய வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளாததே அவர்கள் செய்த பிழை.

நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைகளை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறையைத் தொடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது; பட்டறிந்து கற்றது. கும்பினியாரும் நம் பாளையங்களை அப்படித்தான் பிரித்து வைத்தனர். ஒரு கோட்டையில் மூண்ட தீ அடுத்த கோட்டைக்குத் தாவாமல் பார்த்துக்கொண்டனர். அந்த இடைவெளியை அவர்கள் புதிதாக உண்டாக்கவில்லை என்பதுதான் வருத்தம். இரண்டு ஊர், ஒரு காவல் வரி, ஒரு குடும்பப் பூசல் என்று அதை நாமே விட்டு வைத்திருந்தோம்.