வைரஸ் அனுப்பிய மாயமான்

சளிக்காய்ச்சல் வந்தால் சில வாரங்களில் நம் உடலே அந்த வைரஸை விரட்டிவிடுகிறது. ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸ் சிலரது உடலில் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கிறது. உடலின் காவலை அது எவ்வாறு ஏமாற்றுகிறது? இந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே அதன் தந்திரம் விஞ்ஞானிகளின் கையில் அகப்பட்டுவிட்டது!

1963ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பெதெஸ்டா நகரில் பரூக் புளும்பெர்க் என்ற விஞ்ஞானி, இரத்தப் புரதங்கள் மனிதருக்கு மனிதர் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து வந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடலில் அயல் புரதங்களுக்கு எதிர்ப்பொருள்கள் உண்டாகியிருக்கும் அல்லவா? அத்தகையோரின் சீரத்தையும் பல நாட்டு மக்களின் சீரத்தையும் அகார் கூழில் அருகருகே இட்டுச் சோதித்தார். ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் சீரமும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரமும் சந்தித்த இடத்தில் ஒரு கோடு தோன்றியது. அக்கோட்டை உண்டாக்கிய புதிய பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயரிட்டனர்.

முதலில் அதை இரத்தப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தினர். பின்னர், அப்பொருள் முன்பு இல்லாதிருந்த ஒரு நோயாளியின் இரத்தத்தில் அது புதிதாகத் தோன்றியபோது, அவருக்குக் கல்லீரல் அழற்சியும் கண்டது. 1967இல் உண்மை புலனாயிற்று: அது கல்லீரல் அழற்சி வைரஸைச் சேர்ந்த பொருளே.

உள்ளீடற்ற உருண்டைகள்

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அப்பொருள் 22 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகத் தெரிந்தது. வியப்பு என்னவென்றால், அவற்றினுள் மரபுப்பொருளே இல்லை! மரபுப்பொருள் இல்லாத ஒன்று எவ்வாறு பெருகி நோயை உண்டாக்கும்? 1970இல் லண்டனில் டேவிட் டேன் குழுவினர் 42 நானோமீட்டர் அளவுள்ள துகளைக் கண்டனர். அதுவே முழு வைரஸ். மற்றவை அதன் வெறும் மேலுறைகள்.

ஒரு முழு வைரஸுக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சம் வரையில்கூட, இவ்வெற்றுக் கூடுகள் இரத்தத்தில் மிதக்கின்றன. இராமனைத் தொலைவுக்கு இழுத்துச் சென்ற மாயமானைப் போன்றவை இவை. எதிர்ப்பொருள்கள் இவற்றைப் பற்றியே செலவாகிவிட, உண்மை வைரஸ் தப்பிவிடுகிறது. எந்நேரமும் இவற்றையே எதிர்கொள்ளும் டி அணுக்களும் நாளடைவில் சோர்ந்துவிடுகின்றன.

தந்திரம் இத்துடன் முடியவில்லை. கல்லீரல் அணுவின் உட்கருவில் வைரஸின் டி.என்.ஏ. வளையமாகச் சுருண்டு பதுங்குகிறது. இன்றைய மருந்துகள் வைரஸ் பெருகுவதை அடக்கினாலும், இவ்வளையத்தை அழிப்பது மிக அரிது.

மாயமானே மருந்து

நோய் தர இயலாத வெற்றுக் கூடு, வைரஸின் அடையாளத்தை மட்டும் காட்டுமே! அதையே தடுப்பூசியாக்கலாம் என்று 1969இல் புளும்பெர்க்கும் இர்விங் மில்மனும் கருதினர். வைரஸ் நுழையுமுன் சிறிதளவு கூட்டைச் செலுத்தினால், உடல் சோர்வதில்லை. பகைவனை அடையாளம் கண்டு நினைவில் கொள்கிறது. அத்தகைய தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் வைரஸைச் சுமப்போரின் இரத்தத்திலிருந்து கூடுகளைப் பிரித்தெடுத்தனர். 1986 முதல் ஈஸ்ட் அணுக்களைக் கொண்டே அவற்றைத் தயாரித்தனர். இடையே, 1976இல் புளும்பெர்க் நோபல் பரிசு பெற்றார்.

இதில் காலமே முக்கியம். பிறக்கும்போது தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளில் 10க்கு 9 பேரிடம் வைரஸ் நிலைத்துவிடுகிறது. வளர்ந்தோரில் இது 100க்கு 5 பேருக்கும் குறைவே. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும் என்கின்றனர். 1984இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வூசியைப் போடத் தொடங்கியது. பிற்காலத்தில் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது.

எனினும் 2022இல் உலகில் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர் இவ்வைரஸுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பதுங்கிய வைரஸை வெளியேற்றுவது கடினம். அது பதுங்குமுன் தடுப்பதோ ஓர் ஊசியில் தொடங்குகிறது.