தானுந்து ஜாக்கி

தானுந்து ஜாக்கி என்பது சக்கரம் மாற்றவோ அடிப்பகுதியைப் பழுது பார்க்கவோ தானுந்தின் ஒரு பகுதியை நிலத்திலிருந்து உயர்த்தும் கருவியாகும். இது தூக்குவதற்கான கருவி. உயர்த்திய வண்டியை நெடுநேரம் தாங்குவதற்கானது அன்று. கால்படி, பக்கப் பட்டை, எரிவளிக் கலன் முதலியவை பின்னர்ப் பொருத்தப்பட்ட வண்டிகளில் ஜாக்கி வைக்கும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வகைகள்

திருகு ஜாக்கி: சிற்றுந்துகள் பலவற்றுடன் தரப்படும் இவ்வகை, நான்கு கைகள் இணைந்த சாய்சதுர வடிவுடையது. திருகைச் சுற்றும்போது பக்க முனைகள் நெருங்க, மேல்முனை உயர்கிறது. தாழ்ந்த நிலையில் திருகின் மீதான விசை மிகுதி என்பதால் தொடக்கத்தில் சுற்றுவது கடினம்.

நீரியல் ஜாக்கி: பிளேசு பாஸ்கலின் (1623–1662) விதிப்படி இயங்குகிறது. 1 சதுர செ.மீ. பரப்புள்ள சிறிய உந்துதண்டில் 50 கிலோ எடைக்கு இணையான விசை தந்தால், 20 சதுர செ.மீ. பரப்புள்ள பெரிய உந்துதண்டு 1,000 கிலோ எடையை உயர்த்தும். இவ்விதியைப் பயன்படுத்தி ஜோசப் பிரமா 1795இல் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார்.

தூக்கும் இடங்கள்

மாருதி 800 (1983–2014) போன்ற வண்டிகளில் தனிச் சட்டகம் இல்லை. உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. இத்தகைய வண்டிகளில் கதவுகளின் கீழுள்ள தகட்டு விளிம்பில், முன்சக்கரத்திற்குப் பின்னும் பின்சக்கரத்திற்கு முன்னும் வலுவூட்டப்பட்ட இடங்கள் இருக்கும். பொலிரோ போன்று தனிச் சட்டகம் (சேசிஸ்) உள்ளவற்றில் சட்டகத்தின் கீழோ அச்சின் கீழோ வைப்பர். சரியான இடம் வண்டியின் கையேட்டில் காட்டப்பட்டிருக்கும். எஞ்சின் எண்ணெய்த் தொட்டி, எரிபொருள் தொட்டி, புகைக்குழாய் ஆகியவற்றின் கீழ் ஜாக்கி வைத்தல் ஆகாது.

கூடுதல் உறுப்புகள்

* கால்படி: ஆள் ஏறும் எடைக்கானது, வண்டியின் எடையைத் தாங்காமல் வளையும். ஜாக்கியை அதற்கு உட்புறமாகச் செலுத்த வேண்டும்.
* பக்கப் பட்டை: நெகிழி அல்லது கண்ணாடியிழையால் ஆனது, அழுத்தினால் விரியும். நடுவில் பள்ளமிட்ட ரப்பர் கட்டையை ஜாக்கியின் தலையில் வைத்தால் எடை தகட்டு விளிம்பின் இருபுறமும் பரவும், பட்டையும் தப்பும்.
* எரிவளிக் கலன்: அடிப்பகுதியில் செல்லும் குழாய்களை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.
* தாழ்த்திய சுருள்வில்: ஜாக்கி நுழையாவிடில் சக்கரங்களைத் தடித்த பலகை மீது ஏற்றி இடைவெளி உண்டாக்கலாம்.

செய்முறை

1. சமமான, உறுதியான தரையில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, கியரில் இட வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியில் ஒரு முன்சக்கரம் உயர்ந்துவிட்டால் கியர் மட்டும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. வேற்றுமைப் பல்லிணை மறு சக்கரத்தைச் சுழலவிடும்.
2. மூலைவிட்டத்தில் எதிரேயுள்ள சக்கரத்திற்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும்.
3. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.
4. சக்கரம் தரையைவிட்டு எழும் அளவு மட்டும் உயர்த்த வேண்டும்.
5. மாற்றி இறக்கிய பின் நட்டுகளை எதிரெதிராக முறுக்க வேண்டும்.

பாதுகாப்பு

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 போன்ற சாலைகளில், போக்குவரத்தை விட்டு விலகி நிறுத்துவது முதற்கடமை. விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் மண் மழையில் இளகும். அதில் ஜாக்கி புதைந்து சாயக்கூடும் என்பதால் அடியில் அகன்ற பலகை இட வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்தானது. நீரியல் ஜாக்கியின் அடைப்பு கசிந்தாலோ திருகு ஜாக்கி சாய்ந்தாலோ வண்டி நொடியில் விழும். அடியில் வேலை செய்ய, எடைக்கேற்ற இரும்புத் தாங்கிகளைச் சமதரையில் நிறுத்தி, வண்டியை அவற்றின் மேல் இறக்கிய பின்னரே நுழைய வேண்டும்.